880ல செய்தி நின்னு போனது

நியூஜெர்சிக்கு வந்த புதுசுல இந்த ஊரை எனக்குப் பழக்கிவிட்டது கார் ரேடியோதான், அதுலயும் 880 ஏஎம், டபிள்யூசிபிஎஸ். இருபத்தி நாலு மணி நேரமும் செய்தி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ, 8, 18, 28ன்னு எட்டுல முடியற நிமிஷத்துல ட்ராஃபிக்கும் வெதரும் சேர்ந்து வரும். ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்ஜ்ல அப்பர் லெவல் போறதா லோயர் லெவல் போறதா, டர்ன்பைக்ல இன்னர் ரோட்டுல கார் மட்டும்தான் போகும், லாரியெல்லாம் அவுட்டர்லதான், இதெல்லாம் மேப் பாத்து மனசுல பதியாது, தினமும் காதுல விழுந்து விழுந்துதான் பதிஞ்சுது. நியூயார்க்ல தெரு கூட்டறதுக்காக காரை மாத்தி மாத்தி நிறுத்தற ரூல் உண்டு, இன்னிக்கு அந்த ரூல் உண்டா இல்லையான்னும் ரேடியோல சொல்லுவாங்க. தீபாவளிக்கும் அந்த ரூலுக்கு லீவு. வந்த முதல் வருஷம் அதை ரேடியோல கேட்டப்போ எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நம்ம பண்டிகைய இந்த ஊரு கணக்குல வச்சிருக்குன்னு.

2012 அக்டோபர் 29 சாண்டி புயல் அடிச்சப்போ கரண்ட் போச்சு, நெட் போச்சு, போன்ல சார்ஜ் இல்ல. அப்போ பேட்டரி ரேடியோவும் கார் ரேடியோவும்தான் எல்லாருக்கும் துணை. நவம்பர் 3ல இருந்து எங்க மிடில்செக்ஸ் உட்பட 12 கவுண்டில பெட்ரோலுக்கு ஒத்தைப்படை இரட்டைப்படை முறை கொண்டு வந்தாங்க, நம்பர் பிளேட்டோட கடைசி நம்பரை வச்சு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட முடியும். இந்த மாதிரி விஷயமெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ரேடியோ வழியாத்தான்.

நான் திருச்சிக்காரன். எங்க ஊர் வானொலி 1939ல ஆரம்பிச்சது, அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அரசாங்க ரேடியோதான், அதை யாராவது விப்பாங்க பேரை மாத்துவாங்கன்னு நெனச்சுகூட பாத்ததில்ல. இங்க ஸ்டேஷன் கைமாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எஃப்சிசிங்கற அரசாங்க அமைப்பு ஒரு எழுத்துக் கூட்டம் குடுக்கும், அதைத்தான் கால் லெட்டர்ஸ்ங்கறாங்க, பொதுவா மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்கே டபிள்யூ, மேற்கே கே. பிட்ஸ்பர்க் கேடிகேஏ, ஃபிலடெல்ஃபியா கேஒய்டபிள்யூ மாதிரி பழைய ஆளுங்க சிலர் மட்டும் விதிவிலக்கு. முதலாளி யாருங்கறதும் பல நேரம் அந்த எழுத்துலயே இருக்கும், சிகாகோல டபிள்யூஎல்எஸ்னா வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட் ஸ்டோர், உலகத்துலயே பெரிய கடைன்னு அர்த்தம், அது சியர்ஸ் கடை ஆரம்பிச்ச ஸ்டேஷன். 880க்கு 1946 வரைக்கும் டபிள்யூஏபிசின்னுதான் பேரு, அதுக்கப்புறம்தான் முதலாளி சிபிஎஸ் கம்பெனி பேருல டபிள்யூசிபிஎஸ்.

இது வேலை செய்யற விதம் எனக்கு முதல்ல புரிஞ்சது 2009ல. 96.3ல டபிள்யூக்யூஎக்ஸ்ஆர்னு கிளாசிக்கல் மியூசிக் ஸ்டேஷன், 1936ல ஆரம்பிச்சது, 1944ல இருந்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கைல இருந்தது. அதை வித்த விதம் பாருங்க. யூனிவிஷன்ங்கற ஸ்பானிஷ் கம்பெனி 33.5 மில்லியன் டாலர் குடுத்து 96.3ஐ எடுத்துக்கிச்சு, தன்கிட்ட இருந்த 105.9ஐ விட்டுக் குடுத்துச்சு. மக்கள் நன்கொடைல நடக்கற டபிள்யூஎன்ஒய்சி 11.5 மில்லியன் குடுத்து அந்த 105.9ஐயும் டபிள்யூக்யூஎக்ஸ்ஆர்ங்கற பேரையும் வாங்கிச்சு. பேரும் பாட்டும் பிழைச்சுது, ஆனா 6,000 வாட்ஸ்ல ஒலிச்சது 600 வாட்ஸுக்கு வந்துடுச்சு, தள்ளி இருக்கறவங்களுக்கு சரியா எட்டாது. அப்போதான் தெரிஞ்சுது, நாம ஒரு ஸ்டேஷன்னு நெனைக்கறது லைசென்ஸ் தனி, அலைவரிசை தனி, எழுத்து தனி, டவர் தனி, பேசற ஆளுங்க தனின்னு பிரிச்சு விக்கக் கூடியது. கடைசில ஆளுங்களுக்குத்தான் மதிப்பு இல்ல.

880ல அதுதான் நடந்துச்சு, இன்னும் மோசமா. சிபிஎஸ் தன்னோட ரேடியோ ஸ்டேஷன்களையெல்லாம் 2017ல என்டர்காம்ங்கற கம்பெனிகூட இணைச்சுடுச்சு, என்டர்காம் 2021ல ஆடசின்னு பேரை மாத்திக்கிச்சு, 2024 ஜனவரில கிட்டத்தட்ட 1.9 பில்லியன் டாலர் கடனோட திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போச்சு. அதே நேரம் ஸ்போர்ட்ஸ் ஸ்டேஷனான இஎஸ்பிஎன் நியூயார்க்குக்கு 98.7ல இருந்த குத்தகை ஆகஸ்ட் கடைசில முடியுது, அதுக்கு வேற இடம் வேணும். ஆகஸ்ட் 12 அறிவிப்பு வந்துச்சு, ஆகஸ்ட் 25 ராத்திரியோட செய்தி நின்னுச்சு. லைசென்ஸ் ஆடசிகிட்டயே இருக்கு, வீட்டை வாடகைக்கு விடற மாதிரி நிகழ்ச்சி நேரத்தை மட்டும் இஎஸ்பிஎன் நியூயார்க்கை நடத்தற குட் கர்மாங்கற கம்பெனிக்கு விட்டுட்டாங்க. புது எழுத்து டபிள்யூஎச்எஸ்க்யூ, ஆஃபீஸ் இருக்கற ஹட்சன் ஸ்கொயர் ஏரியாவோட பேரு. மெட்ஸ் டீமோட பேஸ்பால் கமென்ட்ரி மட்டும் அதே இடத்துல தொடர்ந்துச்சு.

1967 ஆகஸ்ட் 28ல முழுநேர செய்தி ஆரம்பிச்ச ஸ்டேஷன் அது. அதுக்கு முந்தின நாள் ஹை ஐலண்ட்ல இருக்கற அதோட ஒலிபரப்பு டவர்ல ஒரு சின்ன விமானம் மோதி டவர் விழுந்துடுச்சு, அப்பவும் நிறுத்தாம எஃப்எம்ல ஆரம்பிச்சாங்க. 2001 செப்டம்பர் 11 காலைல ஹெலிகாப்டர்ல ட்ராஃபிக் சொல்லிக்கிட்டிருந்த டாம் கமின்ஸ்கிதான் ட்வின் டவர்ல நடந்ததை நேர்ல பாத்து அதுல சொன்னவர். தன்னோட ஒலிபரப்பு டவர் விழுந்தும் நிக்காத செய்திய கணக்குப் புஸ்தகம் நிறுத்திடுச்சு. காலைல செய்தி வாசிச்ச வெய்ன் கேபட்டும் பால் மர்னேனும் பேசாத காலைங்கறதை என்னால லேசா எடுத்துக்க முடியல, எனக்கு இதுல கோபம்தான். போன்ல மேப் இருக்கேன்னு சொல்றாங்க, மேப் வழி சொல்லும், நியூஜெர்சி தலைநகர் ட்ரென்டன்ல பஸ் கட்டணம் ஏத்தறதைப் பத்தி என்ன பேசறாங்கன்னு சொல்லாது, பக்கத்து டவுன்ல ஸ்கூல் போர்டு எலக்‌ஷன் நடக்குதுன்னு சொல்லாது. புதுசா வர்றவங்களுக்கு வேலை, வீடு, விசா தவிர இந்த ஊர்ல வேற ஒண்ணுமே தெரியாம வருஷங்கள் ஓடிடும், ஆஃபீஸ்ல ஒரு உலகம், வாட்ஸாப்ல ஊர் உலகம், நடுவுல இருக்கற இந்த ஊரு மட்டும் காணாம போயிடும்.

அதனால ஹெச்1பில வந்து இறங்கற பசங்க கேட்டா நான் இப்போ சொல்றது, 1010 வின்ஸ் போடுங்க. அது 1965ல இருந்தே முழுநேர செய்தி, ஆடசிதான் அதுக்கும் ஓனர், 2022 அக்டோபர்ல இருந்து 92.3 எஃப்எம்லயும் வருது, அதனால புது கார்ல ஏஎம் இல்லன்னாலும் கேக்கலாம். ஜெர்சி விஷயம் அதிகமா வேணும்னா 101.5. வேலைக்குப் போகும்போது ஒரு அரை மணி நேரம் தமிழ்ப் பாட்டை நிறுத்திட்டு அதைக் கேளுங்கப்பா.