நேன் கீழே வைத்த பேனா

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், டப்போ நகரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். 15 வயது பூர்வகுடிப் பையன் ஒருவனை மனநல சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏழு மாதம் பிடித்தது. அவனும் அவனுடைய நேனும் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சரி என்றதால் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் வழி சுலபம். பூர்வகுடி மக்களுக்கு மெடிகேரில் (அரசு மருத்துவக் காப்பீடு) ஆண்டுதோறும் ஒரு உடல்நலப் பரிசோதனை உண்டு. மெடிகேர் பட்டியலில் அதன் எண் 715; அதைச் சொன்னாலே இங்கே புரியும். மனதில் ஏதோ சரியில்லை என்று பட்டால் டாக்டர் மனநலத் திட்டம் எழுதித் தருவார். அதை வைத்து சைக்காலஜிஸ்டை ஆண்டுக்கு 10 முறை வரை மெடிகேர் உதவியுடன் பார்க்கலாம். முதலில் 6, அப்புறம் டாக்டரிடம் திரும்பி வந்து மீதி.

பரிசோதனை ஃபாரத்தில் "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்" என்ற இடம் வந்ததும் நேன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார். அக்கறை இல்லாத மனுஷி என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் கூசுகிறேன். இரண்டு வாரம் கழித்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார்: அவருடைய அக்காவைச் சின்ன வயதில் வெல்ஃபேர்காரர்கள் (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த அரசு அதிகாரிகள்) கூட்டமண்ட்ரா பெண்கள் விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வெல்ஃபேர் போர்டை 1969இல் கலைத்தார்கள். ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் குறிப்பெடுத்துப் போனால் அடுத்து என்ன வரும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

பையன் விஷயம் வேறு. மாமன் மகன் இறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, தூக்கமில்லை. ஆனால் மன உளைச்சலை அளக்கும் 10 கேள்வித் தாளில் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்று டிக் அடித்தான். கேட்டால் "ஷேம்" என்றான். அந்தச் சொல்லில் வெட்கமும் உண்டு, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களே என்ற தவிப்பும் உண்டு. நம் "மானம் போகுது" கொஞ்சம் கிட்டே வரும்.

ஒருவழியாகப் பரிந்துரை போனது. 11 வாரக் காத்திருப்பு. நேரம் கிடைத்தபோது குடும்பத்தில் இன்னொரு சாவு. அவர்கள் 'சாரி பிசினஸ்' என்பார்கள். ஊரே பயணப்பட்டுப் போய் நாள் கணக்கில் தங்கும். இழவு வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வர முடியாது என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு முறை வரவில்லை, பெயரை நீக்கிவிட்டோம் என்று கடிதம் வந்தது.

அதற்கப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பக்கத்து ஊரில் பூர்வகுடிச் சமூகமே நடத்தும் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் முதலாவது தொடங்கியது. அந்த வழியில் வந்தது இது. அங்கே சுகாதாரப் பணியாளராக இருக்கும் அம்மாவை ஊரே ஆண்ட்டி என்கிறது, மரியாதைக்கு. அவர் ஃபாரமே எடுக்கவில்லை. பையனையும் என்னையும் வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குப் போனார். தூண்டில் போட்டார். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. என்னால் தாங்க முடியாமல் வாயைத் திறந்தேன்; அவர் ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

மூன்றாவது புதன்கிழமை அவன் பேசினான். இறந்தவன் பெயரைச் சொல்லவில்லை, அது வழக்கமில்லை. "என் கஸின்" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகுதான் ஆண்ட்டி அதே தாளைப் பூர்வகுடியினருக்கென்று சுருக்கிய 5 கேள்வித் தாளை எடுத்தார். படிக்கவில்லை, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். இந்தத் தடவை ஒன்றுக்குக்கூட "ஒருபோதும் இல்லை" வரவில்லை. அவன் போனில் 13 யார்ன் எண்ணையும் (13 92 76) பதிந்து கொடுத்தார். எந்த நேரமும் பூர்வகுடியினரே எடுத்துப் பேசும் உதவி எண் அது.

சைக்காலஜிஸ்டுடன் முதல் இரண்டு அமர்வுகளில் ஆண்ட்டியும் அறையில் இருந்தார். மூன்றாவதற்கு அவனே போன் செய்து நேரம் கேட்டிருக்கிறான். செவ்வாய் வேண்டாமாம், அன்றைக்கு ஃபுட்டி (ஃபுட்பால்) பயிற்சி இருக்கிறதாம்.