ஒரு கையெழுத்தில் தொங்கும் விசா

அமெரிக்காவில் உரிய ஆவணமின்றி வாழும் ஒருவர் அடிபட்டாலும் காவல் நிலையப் படியேறத் தயங்குவார். புகார் கொடுக்கப் போய் நாடு கடத்தப்பட்டால் என்ன செய்வது என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தைப் போக்கத்தான் 2000ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர் நாட்டில் தங்க வழிசெய்யும் 'யு' விசாவை ஏற்படுத்தியது.

அதற்கான ஐ-918 படிவத்தின் 'பி' இணைப்பை அண்மையில் வரிவரியாகப் படித்தேன். பாதிக்கப்பட்டவர் விசாரணைக்கு உதவினார் என்று காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ அதில் சான்றளிக்க வேண்டும். கையெழுத்திட்ட 6 மாதங்களுக்குள் மனு போய்ச் சேராவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டியதுதான். கையெழுத்திட்டே ஆகவேண்டுமென்று கூட்டாட்சிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், ஒரே விதமான குற்றத்துக்கு ஓர் ஊரில் கிடைக்கும் சான்று அடுத்த ஊரில் மறுக்கப்படலாம். (அருள் வேறு, உரிமை வேறு அல்லவா?)

சான்று கேட்டு வரும் கோரிக்கையைக் கையாள கலிபோர்னியா மாநிலம் 30 நாள் கெடு விதித்திருக்கிறது; நாடுகடத்தல் வழக்கில் இருப்பவருக்கு 7 நாள். எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்று சான்றளிக்கும் அமைப்புகள் மாநிலச் சட்டமன்றத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை உள்ளூரில் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே! அம்மாநிலத்தின் ஓக்லாந்து நகர வாக்காளர்கள் காவல்துறையைக் கண்காணிக்க 2016இல் உருவாக்கிய குடிமக்கள் ஆணையம், மேயருடன் சேர்ந்து 2020இல் காவல் தலைவரையே பதவி நீக்கியது. அத்தகைய ஆணையங்கள் ஒவ்வொரு மறுப்புக்கும் எழுத்தில் காரணம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சான்று கிடைத்தாலும் ஆண்டுக்கு 10,000 முதன்மை மனுதாரர்களுக்கே (அதாவது, பாதிக்கப்பட்டவர்களுக்கே) விசா; மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.