58 நாள்

2024 நவம்பர் 20, புதன்

இவரை இன்னும் விடவில்லை. வெள்ளிக்கிழமைதான் ஜாமீன் விசாரணை. அப்பா ஆபீஸ் வேலையாக ஆஸ்டின் போயிருக்கிறார் என்று பாப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22

வந்துவிட்டார். கணுக்காலில் கறுப்பாக ஒரு பட்டை. தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமாம். ஒயர் நீளம் போதாமல், ஹாலில் ப்ளக் பாயிண்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசம் சாதம் கேட்டார், மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை.

நவம்பர் 24

குற்றப்பத்திரிகையை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். அமெரிக்க ஐக்கிய நாடுகள், எதிர், அப்புறம் இவர் பெயர். இனிஷியலை விரித்து மாமனார் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அவரையும் கூண்டில் ஏற்றின மாதிரி இருக்கிறது. முதல் குற்றம் சட்டப் பிரிவு 922(ஜி)(5)(பி), தற்காலிக விசாவில் இருந்துகொண்டு துப்பாக்கி வைத்திருந்தது. அதிகபட்சம் 15 வருடம், 2022 ஜூன் வரைக்கும் 10 ஆக இருந்ததாம். இரண்டாவது, கடையில் துப்பாக்கி வாங்க நிரப்புகிற 4473 படிவத்தில் பொய் சொன்னது, அதற்கு 10. பாப்பாவுக்கு இப்போது 7. 7ஐயும் 25ஐயும் கூட்டினால் 32. வக்கீலம்மா அப்படிக் கூட்டவே கூடாது, அதிகபட்சம் வேறு நிஜத்தில் கிடைப்பது வேறு என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு கூட்டத்தானே செய்கிறது.

நவம்பர் 25

25 டாலர். வெறும் 25 டாலர்.

நவம்பர் 26

அதே சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. தற்காலிக விசாக்காரராக இருந்தாலும் கையில் நடப்பு வேட்டை லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். போன வருடம் செப்டம்பரில் ஆபீஸ் ஆட்களோடு புறா சுடப் போகிறேன் என்று இவர் அதை எடுத்தார், டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு 25 டாலர்தான். (நாலு புறா கொண்டுவந்தார். என் சட்டியில் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.) முதல் துப்பாக்கியை அந்த லைசென்ஸைக் காட்டித்தான் வாங்கினார், படிவத்தில் எல்லாமே சரி. ஆனால் அந்த லைசென்ஸ் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31க்கு முடிந்துவிடும். கார் இன்ஷூரன்ஸுக்கு மூன்று மெயில் வருகிறது, பல் டாக்டரிடமிருந்து கூட மெசேஜ் வருகிறது, இது முடிந்தது மட்டும் எங்கள் இரண்டு பேர் மூளையிலும் ஏறவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி இரண்டாவது துப்பாக்கிக்கு எழுதிக் கொடுத்தபோது இவர் அதே பழைய சீட்டை நீட்டியிருக்கிறார், கவுண்டரில் நின்ற பையனும் தேதியைப் பார்க்கவில்லை. அப்போது 35 நாள் கடந்திருந்தது. அதிகாரிகள் எங்கள் வீட்டுக்கு வந்த அக்டோபர் 28 அன்று 58.

நவம்பர் 28

தேங்க்ஸ்கிவிங். பக்கத்து வீட்டம்மா பை கொண்டுவந்து கதவைத் தட்டினார். லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 30

நான்தான் காபி போட்டேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது, அடுப்பில் முறுக்கு. சும்மா பேசத்தான் வந்தோம் என்றார்கள் அந்த அதிகாரிகள். சும்மா பேச வந்தவர்களை வாசலில் நிற்க வைத்தா பேசுவது? உட்காரச் சொன்னேன், தட்டில் முறுக்கு வைத்தேன், உயரமாக இருந்தவர் இரண்டு எடுத்துக்கொண்டார். துப்பாக்கி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது இவர் வாயைத் திறப்பதற்குள் நானே படுக்கையறை அலமாரியைக் காட்டிவிட்டேன். பார்க்கலாமா என்றார்கள், தாராளமாக என்றேன். தாராளமாக!

கோர்ட்டில் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி என்னைக் கட்டாயப்படுத்த முடியாதாம், 1980லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம். இனிமேல் அது எதற்கு?

டிசம்பர் 4

அன்றைக்கு அதிகாரிகள் எடுத்த ஒலிப்பதிவு வந்திருக்கிறது. 41 நிமிடம். வக்கீலம்மா ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். முதலில் எண்ணெய் சத்தம், அப்புறம் குக்கர் விசில், அதற்குப் பின்னால் என் குரல். என் இங்கிலீஷ் அவ்வளவு குழைவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. சர்க்கரை எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்கிறேன். இவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார், கேட்காததற்கும் சொல்கிறார். வாய் திறக்க வேண்டாம் என்கிற அந்த எச்சரிக்கையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கைது பண்ணி வைத்து விசாரித்தால்தான் அது கட்டாயம், சொந்த வீட்டு சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் காவலில் இருந்தார் என்று எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது என்றார்.

17ஆம் நிமிடத்தில் இவர் என்னிடம் தமிழில் ஏதோ சொல்கிறார். தட்டச்சுப் பிரதியில் அந்த இடத்தில் 'வேற்றுமொழி' என்று மட்டும் இருக்கிறது. அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கிறதாம். என்ன சொன்னார் என்று வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டிகாஷன் இறங்கிடுச்சான்னு பாரு."

எது இறங்கியது, எங்கிருந்து இறங்கியது, ஏன் அந்த நேரத்தில். பில்டரைப் படம் வரைந்து காட்டினேன். மேல் டப்பா, கீழ் டப்பா, நடுவில் ஓட்டை. படத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். நானும் அவரும் சிரித்தோம், இவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 9

இவருக்குத் திடீர் உற்சாகம். ரெஹைஃப் வழக்கைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஃப்ளோரிடாவில் படிக்க வந்தவர், படிப்பு நின்று மாணவர் விசா நிலை போன பிறகு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், மாட்டினார். 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பு சொன்னது: துப்பாக்கி இருந்தது அவருக்குத் தெரியும் என்று காட்டினால் மட்டும் போதாது, தான் தடை செய்யப்பட்ட நிலையில் இருப்பதும் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து மஞ்சள் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

வக்கீலம்மா ஒரே கேள்வி கேட்டார். நீங்கள் எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. ஆனால் படிவக் குற்றச்சாட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட வேண்டும், ஏமாற்ற நினைப்பவன் தேதி போன சீட்டைத் தானே எடுத்து நீட்டுவானா? அந்த வாதத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை என்றும் ஒரு மனு போடுவாராம், அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

டிசம்பர் 14

அத்தை போன். தை கடைசியில் நாத்தனார் கல்யாணம், டிக்கெட் போட்டாச்சா, அண்ணன் வராமல் எப்படி என்று. லீவு கிடைப்பது கஷ்டம் என்று இழுத்தேன். இவர் பக்கத்தில்தான் சார்ஜில் இருந்தார். "அவன் ஏன் வீடியோல உக்காந்தே பேசுறான், கால்ல என்ன?" எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

டிசம்பர் 17

ஊரில் இவர் தாத்தாவிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது, காட்டுப்பன்றி விரட்ட. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், ரிசல்ட் வந்த பிறகு ரசீதைக் கொடுத்து எடுத்து வர வேண்டும். எத்தனை தேர்தல், ஒரு தடவை கூட மனிதர் நாள் தவறியதில்லையாம். நேற்று ராத்திரி இவர் அதைச் சொல்லி அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. பன்றி விரட்டவா இங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

டிசம்பர் 22

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன கணக்கு என்று வக்கீலம்மா விளக்கினார். தண்டனை வழிகாட்டியில் தொடக்கப் புள்ளி 14, ஒப்புக்கொண்டதற்கு 2 கழித்தால் 12, பழைய வழக்கு எதுவும் இல்லாதவருக்கு 10 முதல் 16 மாதம். வேட்டைக்கும் விளையாட்டுக்கும் மட்டும்தான் வைத்திருந்தார் என்று நிரூபித்தால் 6க்கு இறங்கும், அது 0 முதல் 6 மாதம். 0 என்று கேட்டதும் நான் உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டேன்.

அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். சிறையே இல்லாமல் போனாலும், முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்றச் சட்டம் அதை 'கடுமையான குற்றம்' வரிசையில் வைக்கிறது. நாடு கடத்தல் ஏறக்குறைய நிச்சயம், திரும்ப வருகிற வழியும் அடைபடும். அதைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010இல் தீர்ப்பே இருக்கிறதாம். அதனால் வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே நிறுத்தி, ஒரு வருடம் கண்காணிப்பில் வைத்துக் கைவிடுகிற ஏற்பாட்டுக்கு அரசு வக்கீலிடம் எழுதியிருக்கிறார். சம்மதிப்பார்களா என்றால் தோளைக் குலுக்குகிறார்.

டிசம்பர் 23

58 நாள்.

2025 ஜனவரி 3

வேலை போய்விட்டது. மெயிலில் நாலு வரி. இன்றிலிருந்து 60 நாளுக்குள் வேறு வேலை பார்த்து மனுப் போட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் ஜாமீன் மீறல். எனக்கு எச்-4, இவர் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா. பாப்பா மட்டும் இந்த ஊர்ப் பிரஜை.

ஜனவரி 14

பால் பொங்கியது. போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன், இவரை இடுப்புக்கு மேல்.

ஜனவரி 19

பாப்பா அப்பாவின் பட்டையில் யூனிகார்ன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். எடுக்கலாமா கூடாதா, எடுத்தால் அலாரம் அடிக்குமா, கண்காணிப்பு அதிகாரிக்கு போன் பண்ணிக் கேட்கலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். ஒட்டியபடியே இருக்கிறது.

ஜனவரி 28

வக்கீலம்மா கூப்பிட்டார். பதில் வந்திருக்கிறது, போனில் வேண்டாம், நேரில் வாருங்கள் என்றார். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வியாழன் 3 மணி. ஸ்கூல் 3:10க்கு விடுகிறது, பாப்பாவை யார் கூட்டிவருவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கேட்க வேண்டும், அன்றைக்குக் கதவைத் திறக்காததற்கு என்ன சொல்வது?