சைட் திருகின் மேல் ஒட்டிய டேப்

மூன்று மாதம் ஏர் ரைஃபிள் சுட்டும் என் இலக்கு அட்டை அம்மை போட்ட மாதிரிதான் இருந்தது. ஒரு குண்டு மேலே இடது பக்கம் போனால், அடுத்தது கீழே வலது பக்கம் போகும். ஒவ்வொன்றுக்கும் பின்சைட்டை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் கருவியை, இரண்டு கிளிக் திருகுவேன். அப்படியும் சரிவராவிட்டால் பெல்லட்டை, அதாவது குண்டையே, குறை சொல்வேன். தலை விட்டம் 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கியதுதான் மிச்சம்.

கோச் முதல் வேலையாக சைட் திருகுகளின் மேல் டேப் ஒட்டிவிட்டார். "ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழட்டும், அது எந்த மூலையாக இருந்தாலும் சரி. அப்புறம் திருகலாம்" என்றார். அட்டையையும் திருப்பி மாட்டச் சொன்னார். 10 மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் என்பது நடுவில் இருக்கும் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அதைப் பிடிக்கிற ஆசையில்தான் கை பதறுகிறது. வெறும் வெள்ளைத் தாளில் துரத்த எதுவும் இல்லையே!

அடுத்து ஒரு விளையாட்டு. ரைஃபிளை அவரே லோடு செய்து தருவார். சில தடவை பெல்லட் இருக்கும், சில தடவை இருக்காது. எது என்று எனக்குத் தெரியாது. நான்காவது முறை ட்ரிகரை அழுத்தினேன், குண்டு இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் குழலின் முனை லேசாகக் கீழே குனிந்ததை நானே பார்த்தேன். சத்தம் வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்திருக்கிறது. இத்தனை நாள் குண்டோடு சுட்டபோது அந்த அசைவு கண்ணில் பட்டதே இல்லை. அதிலிருந்து வீட்டில் தினமும் இருபது நிமிடம் குண்டில்லாமல் பயிற்சி. காலியா என்று இரண்டு முறை பார்த்து, பெல்லட் டப்பாவை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. ரைஃபிளைத் தூக்கி இலக்கில் வைத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சைட் வளையம் கறுப்பு வட்டத்தை விட்டு இடது பக்கம் ஓடியிருந்தது. அதாவது, ஒவ்வொரு முறையும் தோள் பலத்தால் ரைஃபிளை வலது பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோள் சோர்ந்தால் குண்டும் நகராமல் என்ன செய்யும்? கையால் சரிசெய்யக் கூடாது, காலைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு காலை இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டு மறுபடி கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வளையத்துக்குள் கறுப்பு தானாக வந்து உட்கார்ந்தது. நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது ரைஃபிளைக் கீழே இறக்குவதுதான். எட்டு விநாடிக்குள் சுடவில்லையென்றால் இறக்கிவிட்டு மூச்சு வாங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பாரே என்ற கூச்சத்தில் பன்னிரண்டு, பதினைந்து விநாடி இழுப்பேன். கண் மங்க, கை நடுங்க, கடைசியில் ட்ரிகரைப் 'பிடுங்குவேன்'. போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். தாராளம். அவசரம் என்னுடையதுதான்.

ரைஃபிளின் காற்று சிலிண்டரில் காலாவதித் தேதி இருக்கும், பார்த்துவிடுங்கள். பெல்லட் ஈயம் என்பதால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம்.

ஆறாவது வாரம் ஐந்து குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. ஆனால் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, கீழே வலது பக்கம். கோச் டேப்பை உரித்தார். சில கிளிக்கில் மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்தது. இப்போது சுட்டதும் அட்டையைப் பார்ப்பதில்லை. குண்டு எங்கே போயிருக்கும் என்று முதலில் நோட்டில் புள்ளி வைக்கிறேன், பிறகுதான் பார்க்கிறேன். பத்தில் ஆறு பொருந்துகிறது. பொருந்தாத நாலும் பெரும்பாலும் நான் இறக்காமல் இழுத்துச் சுட்டவை.