அழித்த பெயர் திரும்பி வரும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். 2021-இல் சேர்ந்தேன், நைட் ஷிஃப்ட். ஓர் அமெரிக்க டேட்டா புரோக்கர் கம்பெனிக்கு, அதாவது ஆட்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் கம்பெனிக்கு, வரும் மெயில்களைப் பார்க்கும் வேலை. 'என் முகவரியையும் போன் நம்பரையும் அழியுங்கள்' என்று கலிபோர்னியாவிலிருந்து எழுதுவார்கள். ஆள் அவர்தானா என்று உறுதி செய்ய இன்னும் இரண்டு விவரம் கேட்போம். அழிக்கச் சொன்னவரிடமே மேலும் வாங்குகிறோமே என்று முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். அழித்த பெயர் சில வாரங்களில் திரும்பி வரும். வேறு யாரோ விற்ற புது ஃபைலில் அதே ஆள், அதே வீடு. ஒரு அம்மாள் மூன்று முறை எழுதினார். மூன்றாவது மெயிலில் திட்டுகூட இல்லை, 'மறுபடியும்' என்று ஒரே ஒரு சொல். டீம் லீடரிடம் காட்டினேன். "டிக்கெட்டை க்ளோஸ் பண்ணுப்பா. புதுசா வந்தா அது புது ரெக்கார்டு."

சட்டமும் அவருக்கு இடம் கொடுத்தது. 2020-இல் அமலுக்கு வந்த கலிபோர்னியச் சட்டத்தில், ஒரு கம்பெனி உங்களிடமிருந்து வாங்கிய தகவலை அழிக்கச் சொல்லத்தான் உரிமை. புரோக்கரிடம் யார் நேரில் போய்க் கொடுக்கிறார்கள்? 2023-இல் அங்கேயே வந்த டெலீட் ஆக்ட் என்ற சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. இனி ஒவ்வொரு புரோக்கருக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம். அரசின் ஒரே தளத்தில் ஒருமுறை சொன்னால், பதிவு செய்த புரோக்கர் எல்லோருக்கும் போகும். 2026 ஆகஸ்ட் 1 முதல் 45 நாளுக்கு ஒருமுறை அவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து அழிக்க வேண்டும். தவறினால் ஒரு கோரிக்கைக்கு நாளொன்றுக்கு 200 டாலர் அபராதம். அந்த 45 நாள் விதியை எழுதியவருக்கு எங்கள் மாடி தெரிந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன்.

இப்போது தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவுக்கு தினம் லோன் கால் வருகிறது. நம் நாட்டிலும் 2023-இல் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன என்றேன். புரோக்கர்களுக்கென்று தனிப் பதிவேடு மட்டும் அதில் இல்லை.

"அப்போ என் நம்பரை அழிக்கச் சொல்லலாமா?"

"அந்த உரிமை அமலுக்கு வந்ததும், நீ சம்மதம் குடுத்த இடத்துல சொல்லலாம்மா."

"நான் யாருக்குடா சம்மதம் குடுத்தேன்?"