மூன்றாவது முறைதான் முடிந்தது

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே மாத்திரைதான். எச்.ஐ.வி.க்கான டி.எல்.டி., ராத்திரி படுக்கப் போகும்போது ஒன்று. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் எடை பார்த்து, புத்தகத்தில் எழுதி, டப்பாவை வாங்கினால் அவர் வேலை அரை மணியில் முடிந்துவிடும். எனக்கு இந்த வருஷம் மூன்று நாள் கூலி போனது.

கவுன்சிலர் அக்கா ஒரு சீட்டு கொடுத்து, "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் எடுத்துடும்மா" என்றார். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்காம். 10 வருஷமாக மருந்து வாங்குகிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை.

சீட்டோடு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதவிலக்கு மூன்றாம் நாள். "இப்போ பார்க்க முடியாது, முடிஞ்சதும் வா." சீட்டு கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேதி பார்த்துப் போங்கள்.

இரண்டாம் முறை ஓ.பி. கவுன்டர்காரர் சீட்டைப் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏ.ஆர்.டி. கேஸ் ஒண்ணு வந்திருக்கு, எங்க அனுப்ப?" பக்கத்தில் நின்ற பெண் இடுப்பிலிருந்த குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் சம்மதமில்லாமல் இதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது.

மூன்றாம் முறை கவுன்சிலர் அக்கா முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டார். நேராக சிஸ்டரிடம். வினிகர் மாதிரி ஒரு மருந்தைத் தடவி, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஐந்தே நிமிஷம். ஒன்றுமில்லை.

அந்த சிஸ்டர்தான் என் பையிலிருந்த இரும்புச்சத்து மாத்திரையைப் பார்த்து, "இதையும் அதையும் சேர்த்தா போடுற?" என்று கேட்டார். ஆமாம், ராத்திரி இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில். வெறும் வயிற்றில் அப்படிப் போட்டால் டி.எல்.டி. உடம்பில் சரியாக ஏறாதாம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து. ரத்தசோகை என்று இதை எழுதிக் கொடுத்த டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அரை மணியில் வேலை முடிந்துவிடுகிற என் வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் மனசில்லை. கர்ப்பமானதால் எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், சி.டி.4 (உடம்பின் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை, நோய் முற்ற முற்றக் குறையும்) 412 இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அவரை யார் கூப்பிட்டார்கள்? நான் கூப்பிட்டும் வரவில்லை. டி.பி. இருமலோடு விழுந்த பிறகுதான் வந்தார், அப்போது அவருக்கு சி.டி.4 80. ஆண்கள் பலரும் இப்படி முற்றிப்போய்த்தான் வருகிறார்கள்.

இப்போது இரும்பு காலை இட்லியோடு, டி.எல்.டி. ராத்திரி. அடுத்த டெஸ்ட் 3 வருஷம் கழித்து. புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.