பிஎச்.டி.க்கு ஒரு கிராஃப் தியரி கணக்கு: எடுத்ததும் முடித்ததும்

கிராஃப் தியரியில் பிஎச்.டி. பதிவு செய்திருக்கும் சிலர் "டாபிக் எப்படி எடுத்தீங்க அக்கா, முதல் ரிசல்ட் எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். கணக்கையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். கிராஃப் என்பது சில முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். கணக்கை விட்டுவிட்டு அனுபவத்தை மட்டும் சொன்னால் இந்தத் துறைக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

நம் ஊர்க் கல்லூரிகளில் கிராஃப் தியரி ஆய்வு என்றாலே பெரும்பாலும் லேபிளிங் (முனைகளுக்கு விதிப்படி எண் கொடுப்பது), இல்லாவிட்டால் டாமினேஷன் (மற்ற எல்லா முனைகளையும் தொடும்படி சில முனைகளைத் தேர்வது). நானும் லேபிளிங் பேப்பர்களோடுதான் ஆரம்பித்தேன். அதன் வேர் ஆழமானது. n கோடுகள் கொண்ட எந்த மரத்தை (வட்டமே இல்லாத, துண்டுபடாத கிராஃபை) எடுத்தாலும், 2n+1 முனைகள் உள்ள முழு கிராஃபை (எந்த இரண்டு முனைக்கும் இடையே கோடு உள்ளதை) அந்த மரத்தின் பிரதிகளாகவே பிரித்துவிடலாம் என்று 1963இல் ரிங்கல் ஊகித்தார். அதை அணுகும் வழியாக 1967இல் ரோசா முனைகளுக்கு எண் கொடுக்கும் முறைகளைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றைத்தான் இன்று கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்கிறோம்: முனைகளுக்கு 0 முதல் n வரை வெவ்வேறு எண்கள் கொடுக்கும்போது கோடுகளின் இரு முனை எண்களுக்கும் உள்ள வித்தியாசங்கள் 1 முதல் n வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வர வேண்டும். பெரிய n எல்லாவற்றுக்கும் ரிங்கலின் ஊகம் சரி என்று 2020இல் மான்ட்கோமரி, பொக்ரோவ்ஸ்கி, சுதகோவ் மூவரும் நிரூபித்தார்கள். ஆனால் எல்லா மரங்களும் கிரேஸ்ஃபுல்தானா என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நான் படித்த பேப்பர்களில் பல இந்த வேரிலிருந்து வெகுதூரம் போயிருந்தன. ஒரு விதியைக் கொஞ்சம் மாற்றி, புதுப் பெயர் வைத்து, பாதைக்கும் வட்டத்துக்கும் சரிபார்த்து முடித்திருப்பார்கள். எங்கள் கைடு மேடம் ஒரு சோதனை வைத்தார். "இந்த டெஃபனிஷன் எதுக்கு வந்துச்சுன்னு உன் சொந்த வார்த்தையில ஒரு பாரா எழுதும்மா. எழுத வரலைன்னா அந்த பேப்பரை ஓரமா வச்சுடு." நிறைய பேப்பர்கள் ஓரமாகப் போயின. என்னைப் பொறுத்தவரை டாபிக் தேர்வில் இதைவிட நல்ல வடிகட்டி கிடையாது.

அந்தச் சோதனையைத் தாண்டி நின்றது ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். ஒரு கிராஃபிலிருந்து ஒரு முனையையும் அதைத் தொடும் கோடுகளையும் நீக்கினால் மிஞ்சுவது ஒரு சீட்டு. ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக நீக்கினால் n சீட்டுகள் வரும். எந்தச் சீட்டிலும் முனைகளுக்குப் பெயர் இருக்காது. இந்தச் சீட்டுக்கட்டை மட்டும் கையில் கொடுத்தால் மூல கிராஃபைக் கண்டுபிடிக்க முடியுமா? மூன்று முனைகளாவது இருந்தால் முடியும் என்பது கெல்லி, உலாம் இருவரின் ஊகம். மரங்களுக்கு 1957இல் கெல்லியே நிரூபித்துவிட்டார். 13 முனைகள் வரை எல்லா கிராஃபுக்கும் உண்மை என்று மெக்கே கணினியில் காட்டியிருக்கிறார். பொதுவான நிரூபணம் இன்றுவரை இல்லை.

இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. அதைப் படித்த அன்று எனக்கு வந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமில்லை. திசை உள்ள கிராஃப்களுக்கு இந்த ஊகம் தவறு என்று 1977இல் ஸ்டாக்மேயர் எதிர் உதாரணங்கள் கொடுத்தார். அதன் பிறகு, கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா கல்லூரியில் இருந்த எஸ். ராமச்சந்திரன், ஒவ்வொரு சீட்டோடும் நீக்கிய முனையின் டிகிரி (அதைத் தொடும் கோடுகளின் எண்ணிக்கை) விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 1981இல் ஒரு புதிய ஊகத்தை முன்வைத்தார். 2000இல் அதையே எண்ணிக்கைக் கேள்வியாக்கினார்: டிகிரி எழுதிய சீட்டுகளில் குறைந்தது எத்தனை இருந்தால் கிராஃப் தீர்மானமாகிவிடும்? அந்த எண்ணைச் சுருக்கமாக டி.ஆர்.என். என்பார்கள். 2010இல் பாரஸ், வெஸ்ட் இருவரும் இதை எடுத்து, ஏறக்குறைய எல்லா கிராஃபுக்கும் அது 2தான் என்று காட்டினார்கள். அப்படியானால் 2 போதாத கிராஃப்கள் எவை, ஏன் போதவில்லை? என் கேள்வி இங்கே பிறந்தது.

மேடம் முதலில் வட்டத்தைக் கையால் செய்யச் சொன்னார். n முனை வட்டத்தில் எந்த முனையை நீக்கினாலும் n−1 முனைப் பாதைதான் வரும், டிகிரி 2. இப்போது ஒரு முக்கோணத்தை எடுத்து, ஒரு மூலையில் நீளமான வால் ஒட்டுங்கள். மற்ற இரண்டு மூலைகளில் எதை நீக்கினாலும் அதே பாதை, அதே டிகிரி. ஆக இரண்டு சீட்டுகள் வட்டத்தைத் தீர்மானிக்காது. மூன்று போதும்: வட்டமல்லாத போட்டியாளர் (அதே சீட்டுகளைத் தரும் வேற்று கிராஃப்) என்றால் அது வால் முளைத்த வட்டமாகத்தான் இருக்க முடியும். நீக்கும் முனை, வால் முளைத்த முனை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்தால்தான் மிச்சம் பாதையாகும். அப்படிப்பட்ட முனைகள் இரண்டுக்கு மேல் கிடைக்காது. நான்கு முனைகளிலிருந்து எல்லா வட்டத்துக்கும் விடை 3. இதை எழுதி முடித்தபோதுதான் இந்தத் துறையின் முறையே எனக்குப் பிடிபட்டது. நம் கிராஃபை நிரூபிப்பது பாதி வேலை. அதே சீட்டுகளோடு வந்து நிற்கும் வேற்று கிராஃபைத் தேடிப் பிடிப்பது மீதி வேலை.

அடுத்து சூரியன்: k முனை வட்டம், ஒவ்வொரு முனையிலும் ஒரே கோட்டால் ஒட்டிய ஒரு தொங்கும் முனை. k நான்கோ அதற்கு மேலோ. இதில் சீட்டு இரண்டே வகை. தொங்கும் முனையை நீக்கினால் டிகிரி 1. வட்டத்தில் ஒரு முனை மொட்டையாகிவிடும். வட்டத்து முனையை நீக்கினால் டிகிரி 3. சீப்பு போன்ற ஒரு மரமும் தனியாக ஒரு முனையும் மிஞ்சும்.

டிகிரி 1 சீட்டு இரண்டு எடுத்தால் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு முனையில் இரட்டைத் தொங்கலும் வேறொரு முனை மொட்டையுமாக உள்ள கிராஃபும் அதே இரண்டைத் தரும். டிகிரி 3 சீட்டு இரண்டும் போதாது. சீப்பின் நடு முனை ஒன்றுக்கு அதே அண்டை முனைகளோடு ஓர் இரட்டையைச் சேர்த்து, பக்கத்தில் தனி முனையை வைத்துவிட்டால் போட்டியாளர் தயார்.

வகைக்கு ஒன்றாக எடுத்தால்? இங்கேதான் நெடுநாள் நின்றேன். கரும்பலகையில் எத்தனையோ படங்கள் போட்டுப் பார்த்தும் போட்டியாளர் கிடைக்கவில்லை. அப்போதுதான் கிராஃப்களை வரிசையாகப் பட்டியலிட்டுத் தரும் மெக்கேயின் நாட்டி மென்பொருளை நிறுவினேன். 8 முனைகளில் மொத்தம் 12,346 கிராஃப்கள். டிகிரி எழுதிய சீட்டு ஒன்று கிடைத்தாலே மூல கிராஃபின் கோடுகள் எத்தனை என்று தெரிந்துவிடும். நான்கு கதிர்ச் சூரியனுக்கு அது 8. எட்டுக் கோடு உள்ளவற்றை மட்டும் சலித்தால் போதும், சாதாரண லேப்டாப்பில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அது காட்டியது இதைத்தான்: வட்டத்தில் அடுத்தடுத்து மூன்று முனைகள். முதலாவதில் வழக்கம்போல் ஒரு தொங்கல், இரண்டாவது மொட்டை, மூன்றாவதில் இரண்டு கோடு நீளமுள்ள வால். வாலின் நுனியை நீக்கினால் சூரியனின் முதல் வகைச் சீட்டு. முதல் முனையை நீக்கினால், மொட்டையாக இருந்தது சீப்பின் பல்லாக மாறி, வாலின் நடு முனை சீப்பின் தண்டில் சேர்ந்துகொள்கிறது! படத்தைப் பார்த்ததும் அது எல்லா k-க்கும் பொருந்தும் என்று புரிந்துவிட்டது. அந்த நிமிடத்தின் சந்தோஷத்துக்காகவே இந்தத் துறைக்கு வரலாம் என்பேன்.

ஆக எந்த இரண்டும் போதாது. டிகிரி 1 சீட்டு இரண்டும் டிகிரி 3 சீட்டு ஒன்றும் சேர்ந்தால் போதும். முதல் வகைச் சீட்டில் ஒரு தொங்கலைத் திரும்ப ஒட்ட மூன்றே வழிகள். மொட்டை முனையில் ஒட்டினால் சூரியன். தொங்கல் உள்ள முனையில் ஒட்டினால் இரட்டைத் தொங்கல். அது சீப்பில் எங்குமே இல்லை என்பதால் டிகிரி 3 சீட்டு அதை வெளியேற்றிவிடும். தொங்கலின் நுனியில் ஒட்டினால் நீண்ட வால். அதை நீக்க ஒரே வழிதான் இருப்பதால் டிகிரி 1 சீட்டு இரண்டாவது முறை வராது. விடை 3.

எழுதுவது தனி வேலை. "தெளிவாகத் தெரிகிறது" என்ற சொற்றொடர் வந்த இடத்தையெல்லாம் மேடம் சிவப்பு மையால் வட்டமிட்டார். டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் "இதுக்கு அப்ளிகேஷன் என்ன?" என்று கேட்டார்கள். முழு ஊகம் ஏன் கடினம், இரண்டு சீட்டுகளின் தகவல் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதை முக்கோணப் படம் போட்டே விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு நெட்வொர்க், மூலக்கூறு என்று பொருந்தாத கதை சொல்ல வேண்டியதில்லை. தூய கணிதத்துக்குத் தூய கணிதக் காரணமே போதுமானது.

பேப்பர் அனுப்பும்போது பணம் கேட்டு ஒரே வாரத்தில் ஏற்பதாகச் சொல்லும் இதழ்களின் மின்னஞ்சல்கள் வந்தபடி இருந்தன. அந்தப் பக்கம் போகவேண்டாம். நான் அனுப்பிய இதழ் பல மாதங்கள் எடுத்துக்கொண்டது. ஆனால் ரெஃபரி ஒவ்வொரு வரியையும் படித்திருந்தார். k நான்குக்குக் கீழே போகும்போது நிரூபணத்தின் எந்தப் படி நிற்காது என்று தனியாக எழுதச் சொன்னார். k=3 என்றால் சீப்பு வெறும் நான்கு முனைப் பாதையாகச் சுருங்கிவிடும், இரட்டை சேர்ப்பதற்கு டிகிரி 3 உள்ள நடு முனையே இருக்காது. அந்தப் பத்தி சேர்ந்ததும் பேப்பர் இன்னும் உறுதியானது.

ஒருசில மரங்களைத் தவிர மற்றெல்லா மரங்களுக்கும் இரண்டு சீட்டுகளே போதும் என்பது பாரஸ், வெஸ்ட் இருவரும் விட்டுச் சென்ற ஊகம். கம்பளிப்பூச்சி வகை மரங்களை (ஒரு பாதையும் அதில் நேராக ஒட்டிய தொங்கல்களும்) அவர்களே முடித்துவிட்டார்கள். ஒரே நடு முனையில் எல்லாம் ஒட்டிய நட்சத்திர மரங்களுக்கு ஒரு சீட்டே போதும். 6 முனையுள்ள ஒன்றுக்கு மட்டும் இரண்டு போதாது. அடுத்த படியான லாப்ஸ்டர் மரங்களில் (தொங்கும் நுனிகளை நீக்கினால் கம்பளிப்பூச்சி மிஞ்சுபவை) ஒரு சிறு வகையை எடுத்து, இப்போது மறுபடியும் கையால் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் வட்டத்தின் நிரூபணத்தைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். பிறகு லாப்ஸ்டரில் இடம் நிறைய இருக்கிறது.